ஆற்றுக்கு மார்க் போடப் போன கதை

முதல் நாள்: சட்டூகா

கல்லூரிக்கு வசந்த விடுமுறை விட்டாச்சு. ஆனால் பேராசிரியர் சும்மா விடவில்லை. வட கரோலினாவின் மேற்கு மலைகளில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு காட்டோடையைத் தேர்ந்தெடுத்து, அது சட்டப்படி காக்கப்பட வேண்டிய ஆறுதானா என்று மதிப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். வனத்துறைக்காரர்கள் எந்த விதிகளை வைத்து மதிப்பிடுகிறார்களோ அதே விதிகள், அதே படிவம்.

சார்லட்டில் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியப்பாவும் கூட வருகிறேன் என்றார். மனிதர் பொதுப்பணித்துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திலேயே பாதி சர்வீஸ். மேற்கே ஓடிக் கடலில் சேரும் தண்ணீரைக் கிழக்கே திருப்பிக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்த திட்டம் அது. அதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிரும்.

காரில் நான் சட்டத்தை விளக்கினேன். 1968 அக்டோபர் 2-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வைல்ட் அண்ட் சீனிக் ரிவர்ஸ் சட்டம். ஓர் ஆறு அதன் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அந்தப் பகுதியில் புதிதாக அணையோ நீர்மின் திட்டமோ கட்ட உரிமம் கிடையாது.

"ஏங்கண்ணு, தண்ணியத் தடுக்கக்கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டிருக்காங்களா?"

"ஆமாங்க பெரியப்பா."

கேஷியர்ஸ் ஊர் வரும்வரை அவர் பேசவே இல்லை.

முதலில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஆற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வோம் என்று பர்ரெல்ஸ் ஃபோர்டு போனோம். அது சட்டூகா ஆற்றின் கரை. சட்டூகா இந்த மலைகளில் பிறந்து, ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் எல்லையாக ஓடி, டுகாலூ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. 1974-இல் பட்டியலில் சேர்ந்தது. மொத்தம் 56.9 மைல். அதில் 39.8 மைல் வைல்ட், 2.5 மைல் சீனிக், 14.6 மைல் ரெக்ரியேஷனல். இந்த மூன்று வகைகளைப் பார்த்து வைல்ட் என்றால் ரொம்ப அழகு, ரெக்ரியேஷனல் என்றால் சுமார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அழகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடந்துதான் போக முடியும், கரையில் மனிதர் கட்டியது எதுவும் இல்லை என்றால் வைல்ட். அங்கங்கே சாலை வந்து தொட்டால் சீனிக். சாலையோ ரயிலோ கூடவே ஓடினால், வீடுகளும் இருந்தால், ரெக்ரியேஷனல்.

தண்ணீர் தேநீர் நிறத்தில் தெளிவாக ஓடியது. மார்பு வரை ரப்பர் கால்சட்டை போட்ட இரண்டு பேர் நடு ஆற்றில் நின்று டிரவுட்டுக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள். இந்த மேல்பகுதியில் படகுக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் நீண்டகாலப் பஞ்சாயத்து உண்டு. 1976-இல் நெடுஞ்சாலை 28-க்கு மேலே படகே கூடாது என்றார்கள். படகுக்காரர்கள் விடாமல் போராடி, 2012-இல் ஒரு சமரசம் வந்தது: டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, அதுவும் விநாடிக்கு 350 கனஅடிக்குக் குறையாமல் தண்ணீர் ஓடினால் மட்டும், படகு விடலாம்.

கனஅடி என்றதும் பெரியப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. "இங்கயும் கனஅடிதானா!" ஆற்றைக் கண்ணாலேயே அளந்து ஒரு கணக்குச் சொன்னார். அன்றைய அளவை இணையத்தில் பார்க்கலாம் என்றால் அங்கே செல்போன் சிக்னல் இல்லை. அவருக்கு அது பெரிய வருத்தம்.

1813 என்று பொறித்த எல்லைப்பாறை மேலே இருக்கிறது. மூன்று மாநிலங்களும் சந்திக்கும் இடம். பெரியப்பாவின் முழங்காலை நினைத்து அதை விட்டுவிட்டோம்.

இரண்டாம் நாள்: ஹார்ஸ்பாஸ்சர்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

ஹார்ஸ்பாஸ்சர் சின்ன ஆறு. பட்டியலில் இருப்பது வெறும் 4.2 மைல். ஆனால் அந்த 4.2 மைலில் மலை சட்டென்று கீழே இறங்குவதால் அருவிமேல் அருவி. 1980-களில் ஒரு நிறுவனம் இந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டது. ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்தத் துண்டைப் பட்டியலில் சேர்த்தது. திட்டம் செத்தது.

ரெயின்போ அருவிக்குக் கார்ஜஸ் மாநிலப் பூங்கா வழியாக நடை. பெரியப்பா ஒரு கழியை ஊன்றிக்கொண்டு நிதானமாக வந்தார். சுமார் 150 அடி உயரத்திலிருந்து தண்ணீர் மொத்தமாக விழுகிறது. விழுகிற வேகத்தில் எழும் காற்று, எதிர்ப்பக்கம் நிற்பவர்களைத் தொப்பலாக நனைத்துவிடுகிறது. சூரியன் முதுகுப்பக்கம் இருந்ததால் வானவில்லும் கிடைத்தது. இந்தச் சாரல்தான் இங்கே முக்கியம். அருவியையொட்டிய பாறைச்சுவர் வருடம் முழுக்க ஈரமாகவும், குளிரிலும் உறையாமல் மிதமாகவும் இருப்பதால், வெப்பநாட்டுப் பெரணிகளின் உறவுகள்கூட இந்தப் பள்ளத்தாக்குகளில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மதிப்பீட்டுப் படிவம் கேட்பதும் இதைத்தான்: இந்தச் சிறப்பு ஆற்றால் வந்ததா, இல்லை ஆற்றுக்குப் பக்கத்தில் தற்செயலாக இருக்கிறதா? சாரல் நின்றால் அந்தப் பெரணி போய்விடும். அதனால் அது ஆற்றின் கணக்கில் சேரும்.

மேலே ட்ரிஃப்ட் அருவி என்று ஒன்று உண்டு. அது தனியார் நிலம், உள்ளே போக முடியாது. இந்தச் சட்டம் வந்தால் அரசு நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று இங்கே கிராமத்துக்குக் கிராமம் பயம் இருக்கிறது. ட்ரிஃப்ட் அருவி வேலியைப் போய்ப் பார்த்தால் அந்தப் பயம் தெளிந்துவிடும்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் பெரியப்பா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "150 அடி ஹெட். விட்டுட்டாங்களே." மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விழும் உயரத்தைத்தான் பொறியாளர்கள் ஹெட் என்பார்கள்.

அவரை ஜொகாஸி நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனது அதனால்தான். ஹார்ஸ்பாஸ்சரின் பாதுகாக்கப்பட்ட பகுதி எங்கே முடிகிறது தெரியுமா? நெடுஞ்சாலை 281 பாலத்தில் தொடங்கி, நேராக இந்த அணையின் தண்ணீருக்குள் போய் முடிகிறது. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1973-இல் நிரம்பிய நீர்த்தேக்கம், 300 அடிக்கு மேல் ஆழம். மின்சாரம் மிச்சமாகும் நேரத்தில் இங்கிருந்து தண்ணீரை மேலே உள்ள பேட் க்ரீக் தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். "நம்ம கடம்பாறை!" என்று பெரியப்பா சத்தமாகவே சொன்னார், ஊரில் இதே முறையில் ஓடும் மின்நிலையத்தை நினைத்து. அரை மணி நேரம் கரையை விட்டு நகரவில்லை.

நான் பார்க்க வந்தது வேறு. டெவில்ஸ் ஃபோர்க் பூங்காவில், தேக்கத்தின் கரையோரச் சின்னப் பாதையில், ஒகோனி பெல் பூத்திருந்தது. மார்ச் மத்தியில் சில நாட்கள்தான் பார்க்க முடியும். ஒரு சாண்கூட உயரமில்லை. வட்டமான பளபள இலைகள் தரையோடு தரையாகப் படர்ந்து, அதிலிருந்து செம்மை ஏறிய மெல்லிய காம்பு, காம்பின் நுனியில் தலைகுனிந்த ஒற்றை வெள்ளைப் பூ. ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றின் ஓரமும் கத்தரிக்கோலால் கொத்தியதுபோல் பல் பல்லாக. பூ முழுதாக விரிவதில்லை. குனிந்து, கிட்டத்தட்டத் தரையில் கன்னத்தை வைத்தால்தான் உள்ளே மஞ்சள் மகரந்தம் தெரிகிறது.

பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆந்த்ரே மிஷோ இதை 1788-இல் இந்த மலைகளில் எடுத்துப் பாரீசுக்கு அனுப்பினார். அரை நூற்றாண்டு கழித்து அங்கே அந்தக் காய்ந்த மாதிரியைப் பார்த்த அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே, பெயர் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தேடித் தேடி அலுத்துப் போனார். கடைசியில் 1877-இல் மரியன் ஊர்ப்பக்கம் ஜார்ஜ் ஹையம்ஸ் என்ற பையன் கண்டுபிடித்தான். அந்தச் செடிக்கு உலகத்திலேயே இருந்த வாழிடத்தில் பெரும்பங்கு இப்போது இந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. ஓரத்தில் தப்பியதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். "சர்வே பண்ணும்போது இதெல்லாம் நாங்க எழுதினதே இல்ல," என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள்: மழை

விடியற்காலையிலிருந்து மழை. இந்த மலைச்சரிவு கிழக்கு அமெரிக்காவிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று, குறை சொல்ல முடியாது. மோட்டல்காரர் குஜராத்தி. பெரியப்பாவைப் பார்த்ததும் இஞ்சி தட்டிப்போட்ட டீ வந்தது, ரசீது இல்லாமல்.

அறையிலேயே உட்கார்ந்து வனத்துறைக் கையேட்டைப் படித்தோம். நடைமுறை இதுதான். 2012-இல் வந்த திட்டமிடல் விதிப்படி, ஒவ்வொரு தேசிய வனமும் தன் நிர்வாகத் திட்டத்தைப் புதுப்பிக்கும்போது, தன் எல்லைக்குள் எந்தெந்த ஆறு பட்டியலுக்குத் தகுதியானது என்று பார்த்தாக வேண்டும். நான்டஹாலா–பிஸ்கா வனங்களின் புதிய திட்டம் 2023-இல் முடிந்தது. கேள்வி இரண்டே இரண்டு. ஆறு தடையில்லாமல் ஓடுகிறதா? காட்சி, பொழுதுபோக்கு, நிலவியல், மீன், வனவிலங்கு, வரலாறு, பண்பாடு, இல்லை இவற்றைப் போன்ற வேறெதிலாவது, அந்த வட்டாரத்திலேயே தனித்து நிற்கும் சிறப்பு ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் கரையிலிருந்து இருபக்கமும் கால் மைல் அகலத்துக்குப் பாதுகாப்பு எல்லை. இவ்வளவு நீளம் வேண்டும், இவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும் என்ற கணக்கே கிடையாது. கோடையில் வற்றும் ஓடைகூடத் தகுதி பெறலாம்.

தகுதி பெற்றதோடு முடியாது. சட்டம் போட்டுச் சேர்ப்பது பெரும்பாலும் காங்கிரஸ்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாட்டின் மொத்த ஆற்று நீளத்தில் அரை சதவிகிதம்கூடப் பட்டியலில் இல்லை. அணைகளால் மாறிப்போனது சுமார் 17 சதவிகிதம். பெரியப்பா அந்த 17-ஐக் கேட்டுவிட்டு "அப்ப நாங்க ஜெயிச்சிட்டு இருக்கோம்" என்றார்.

நான்காம் நாள்: பெயர் சொல்லாத ஓடை

என் ஓடைக்கு வந்தோம். பெயரையும் வழியையும் எழுதப்போவதில்லை. ஓர் இடம் இணையத்தில் பிரபலமானால் என்ன ஆகும் என்பதை ரெயின்போ அருவிப் பாதையில் கிடந்த தண்ணீர் பாட்டில்கள் சொல்லிவிட்டன.

வனச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கினால் ரோடோடெண்ட்ரான் புதர் ஆளுயரத்துக்கு மேல். அதற்குள் தலையைக் குனிந்து, கையால் விலக்கி, சில இடங்களில் தவழ்ந்து போனோம். உள்ளே ஓடை. இருபுறமும் ஹெம்லாக் மரங்கள் பட்டுப்போய் வெள்ளை எலும்பாக நிற்கின்றன, பாதி விழுந்து ஓடைக்குக் குறுக்கே கிடக்கின்றன. ஜப்பானிலிருந்து வந்த பஞ்சுப்பூச்சியின் வேலை. நிழல் போனால் தண்ணீர் சூடாகும், சூடானால் டிரவுட் நிற்காது. எந்த ஆற்றுச் சட்டமும் அந்தப் பூச்சியைத் தடுக்காது.

முதலில் தண்ணீர் அளவு. கருவி கல்லூரியில் இருக்கிறது, கேட்டுக் கொண்டுவந்திருக்கலாம். பெரியப்பா ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். நேராக ஓடும் இடமாகப் பார்த்து இருபது அடிக்கு இரண்டு குச்சி நட்டார். தோல் துண்டை மேலே போட்டுவிட்டு "ஓடு!" என்றார், நான் செல்போனில் நேரம் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டுச் சராசரி எடுத்தால் 12 விநாடி. அகலம் ஒன்பது அடி, சராசரி ஆழம் எட்டு அங்குலம். மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினார். விநாடிக்கு எட்டரைக் கனஅடி.

"எட்டரைக் கனஅடிக்கு ஒரு அறிக்கை!" என்று சிரித்தார். "எங்க மதகுல கசியறதே அதுக்கு மேல இருக்கும்." ஆனால் எண்ணைக் கவனமாகத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் அவர்தான் அதைக் கண்டுபிடித்தார். கரைக்குச் சற்று மேலே, புதருக்குள், சீரான சரிவில் ஒரு தளம் வளைந்து போகிறது. நான் பழைய பாதை என்று நினைத்தேன். "மண்ணை வெட்டி இந்தப் பக்கம் கொட்டியிருக்காங்க பாரு, கிரேடு மாறவே இல்ல. இது ரயில்ரோடு." அதேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைகளை மொட்டையடித்த மரக் கம்பெனிகள் ஓடைக்கு ஓடை தண்டவாளம் போட்டார்கள். இன்று ‘காடு’ என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு முளைத்தது. படிவத்தில் வரலாறு என்ற கட்டத்தில் அதை எழுதினேன். ஆனால் இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட தளம் இல்லாத பள்ளத்தாக்கைத்தான் தேட வேண்டும். தனிச்சிறப்பு இல்லை.

ஈரப்பாறை இடுக்கில் ஒரு சாலமாண்டர் (பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குச் சொந்தம்), அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, வேறு இனம். கல்லைப் புரட்டக்கூடாது என்பது இங்கே பாலபாடம். அடியில் யாராவது குடியிருப்பார்கள். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு வகை சாலமாண்டர்கள் இல்லை. நான் சந்தோஷமாக எழுதப் போனேன், அங்கேதான் படிவம் காலை வாரியது. ஒப்பிட வேண்டிய வட்டாரம் தெற்கு அப்பலாச்சியன் மலை. அந்த மலை முழுக்கச் சாலமாண்டர். எல்லோரும் தொண்ணூறு வாங்கும் வகுப்பில் எண்பத்தெட்டு வாங்கிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டது என் ஓடை. இதே ஓடை சமவெளியில் இருந்தால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். இங்கே ‘தனிச்சிறப்பு இல்லை’.

எனக்கு இது உறுத்துகிறது. ஒப்பிடும் வட்டாரத்தை எவ்வளவு பெரிதாக எடுப்பது என்பதை மதிப்பிடும் குழுவே முடிவு செய்கிறது. ஒரு வனத்துக்குள் ஒப்பிட்டால் ஒரு விடை, மலைத்தொடர் முழுக்க ஒப்பிட்டால் வேறு விடை. வளம் நிறைந்த இடத்தில் நல்ல ஓடைகள் ஒன்றையொன்று தோற்கடித்துக்கொள்கின்றன. அருவி உள்ளது ஜெயிக்கும், படகு விடக்கூடியது ஜெயிக்கும். தலைவாசலில் நின்று கீழே உள்ள ஆற்றையெல்லாம் குளிர்ச்சியாக வைத்திருக்கும் எட்டரைக் கனஅடிக்கு மார்க் போட அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை.

கடைசியாக, வனச்சாலைக்கு அடியில் போகும் குழாய். நெளிநெளியான இரும்புக் குழாய். மேல்வாய் ஓடை மட்டத்தில் இருக்கிறது. கீழ்வாய் அரித்து அரித்து, இப்போது கீழே உள்ள மடுவுக்கு ஒன்றரை அடி மேலே தொங்குகிறது. மீன் ஏற முடியாது. இது தடையா? அணைகட்டியவர் குனிந்து, டார்ச் அடித்து, உள்ளே பார்த்து, கையை விட்டுத் துருவைச் சுரண்டிவிட்டு, "தண்ணியத் தேக்கல, திருப்பல. ஆனா வேலை மட்டம்," என்றார். கையேடும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. சின்னக் கட்டுமானம் இருப்பதாலேயே தகுதி போய்விடாது.

குழாய்க்கு மேலே ஒரு மடுவில் அசையாமல் நின்றோம். நிழலிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது. கையளவுதான். அடித்துடுப்பின் முன்விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளை. ப்ரூக் டிரவுட், இந்த மலையின் சொந்த மீன். மேற்கு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டும், ஐரோப்பாவிலிருந்து வந்த பிரவுன் டிரவுட்டும் கீழ்ப்பகுதிகளிலிருந்து இதைத் துரத்திவிட்டன. அருவி இருக்கும் இடங்களுக்கு மேலேதான் மிச்சம் இருக்கிறது. இங்கே அருவி இல்லை. அந்த மட்டமான குழாய்தான் அருவி வேலையைச் செய்கிறது போலிருக்கிறது.

ஐந்தாம் நாள்: நோலிசக்கி

வடக்கே, டென்னசி எல்லை தாண்டி எர்வின் வரை போனோம். தகுதி உண்டு, சட்டம் இல்லை என்ற நிலையில் உள்ள ஓர் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நோலிசக்கிப் பள்ளத்தாக்கை வனத்துறை 1990-களிலேயே தகுதியானது என்று சொல்லிவிட்டது. பட்டியலில் சேரவில்லை. தகுதி என்பது வனத்துறை தன் நிலத்தில் தானே கடைப்பிடிக்கும் கட்டுப்பாடு. அணை உரிமத்தைத் தடுக்கும் பல் சட்டத்துக்குத்தான் உண்டு.

2024 செப்டம்பர் 27-இல் ஹெலீன் புயல் வெள்ளம். அப்பலாச்சியன் நெடும்பாதை ஆற்றைக் கடக்கும் செஸ்டோவா பாலம் போனது. பள்ளத்தாக்குக்குள் ஆற்றையொட்டி ஓடும் பழைய கிளிஞ்ச்ஃபீல்ட் ரயில் பாதையும் மைல் கணக்கில் அடித்துக்கொண்டு போனது. பாதையைத் திரும்பக் கட்ட, ஆற்றுக்குள்ளேயே இயந்திரங்களை இறக்கிக் கல்லும் மண்ணும் அள்ளினார்கள். இதை எதிர்த்து ஆற்று அமைப்புகள் நீதிமன்றம் போயின. படகுக்காரர்கள் நேசித்த பாறைகள், அழிவின் விளிம்பில் உள்ள எல்க்டோ சிப்பியின் படுகை, எல்லாம் இந்த ஆற்றில்தான்.

பெரியப்பா யார் பக்கம் நிற்பார் என்று பார்த்தேன். கரையில் ரொம்ப நேரம் நின்று எதிர்க்கரையைப் பார்த்தார். "ரயில் வேணும். ஊருக்குச் சோறு அதுல வருது. ஆனா ஆத்துக்குள்ள இருக்கிற கல்லை எடுத்துக் கரைகட்டினா, அடுத்த வெள்ளத்துல வேகம் கூடும், அதே கரை மறுபடி போகும். குவாரியிலிருந்து லாரியில கொண்டு வரணும். செலவு ஜாஸ்தி, அவ்வளவுதான்." பொறியாளராகவே சொன்னார், சூழலியல் ஒரு சொட்டும் கலக்காமல்.

திரும்பும் வழியில் அறிக்கையை முடித்தோம். தடையில்லா ஓட்டம்: ஆம். தனிச்சிறப்பு: இல்லை. முடிவு: தகுதி இல்லை. கீழே ஒப்பீட்டு வட்டாரம் பற்றி என் ஆட்சேபத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன், பேராசிரியர் திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளட்டும். பெரியப்பா தன் பங்குக்கு ஒரு குறிப்புச் சொன்னார், அப்படியே பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டேன்: ‘சாலைக் குழாயை எடுத்துவிட்டு அடிமட்டத்தில் அகலமான பெட்டிக் கல்வெர்ட் வைக்க வேண்டும். ஆனால் கீழே உள்ள ரெயின்போ மீன்கள் மேலே ஏறிவிடுமா என்று மீன்வளத்துறையிடம் எழுத்துமூலம் கேட்டு, பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்கவும்.’